வாசகர் கேள்வி – பதில்: மேடை ஏறும்போது என்ன உடுத்துவது?

மேடையில் பாடுபவர்களும் வாசிப்பவர்களும் உடுத்தும் உடை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுத்தவை இங்கே இடம்பெறுகின்றன. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

இசை காதுக்கு உரியது. நன்றாகப் பாடினால் போதாதா? உடையைப் பற்றி இவ்வளவு யோசிக்கத்தான் வேண்டுமா?
*— முதல் கச்சேரிக்குத் தயாராகும் பாடகி*

போதும் என்று பதில் எழுதத்தான் ஆசை. ஆனால் சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பியானோ கலைஞரும் ஆய்வாளருமான சியா-ஜுங் சாய் 2013-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். பன்னாட்டு இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரின் சிறு பதிவுகளைப் பலரிடம் கொடுத்து, முதற்பரிசு பெற்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களையும், ஒலி, காட்சி இரண்டையும் பெற்றவர்களையும் விட, ஒலியே இல்லாத காட்சியை மட்டும் பார்த்தவர்கள்தாம் வென்றவரைக் கூடுதலாகச் சரியாக அடையாளம் காட்டினார்கள். இசையே தொழிலாகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கல்லர்; கேட்டுத்தான் முடிவு செய்வோம் என்று உறுதியாக நம்பிய அவர்களும் கண்ணை நம்பியே முடிவு செய்தார்கள்.

காட்சி என்பது உடை மட்டுமல்ல; உடலின் அசைவும் முகபாவமும் வாத்தியத்தைப் பிடிக்கும் விதமும் அதில் அடங்கும். ஆகவே இந்த ஆய்வைக் காட்டி, விலை உயர்ந்த உடை வாங்கினால்தான் எடுபடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே நேரத்தில், பார்வை தீர்ப்பைக் கெடுக்கிறது என்பதை இசைக்குழுக்கள் வெகுகாலமாகவே உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, 1970-களிலிருந்து ஆள் தேர்வின்போது வாசிப்பவருக்கும் தேர்வாளர்களுக்கும் இடையே திரை கட்டத் தொடங்கின. திரைக்குப் பின்னால் நடந்து வருபவரின் குதிகால் செருப்புச் சத்தமே அவர் பெண் என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், சில இடங்களில் தரையில் கம்பளம் விரித்தார்கள், சில இடங்களில் காலணியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.

உங்கள் கச்சேரியில் திரை இருக்காது. எனவே உடையைப் பற்றி யோசியுங்கள். ஆனால் அழகாகத் தெரிகிறதா என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது அந்த உடை உங்கள் நினைவுக்கே வராமல் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. தோளிலிருந்து நழுவுவதை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்ளும் பாடகியைப் பார்ப்பவர்களும், அவருடன் சேர்ந்து அந்தத் தோளையே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் வயலின் வாசிக்கிறேன். கோட் அணிந்தால் தோள் பிடிக்கிறது. இரண்டு அளவு பெரிதாகத் தைத்தும் சரியாகவில்லை. இசைக்குழுக்களில் வாசிப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
*— வயலின் மாணவர்*

பெரிதாகத் தைத்ததுதான் இங்கே கோளாறு. வயலினை மோவாய்க்கடியில் வைக்கும்போது இடக்கை முன்னால் நீண்டு உள்பக்கமாகத் திரும்புகிறது. வில் பிடித்த வலக்கை பக்கவாட்டில் உயர்ந்து தாழ்கிறது. கோட்டின் கை, அக்குளுக்கு வெகு கீழே போய் உடலுடன் சேர்ந்திருந்தால், கையைத் தூக்கும்போதெல்லாம் கோட் முழுவதும் சேர்ந்து மேலே வரும்; காலர் கழுத்தைவிட்டு எழும்பும்; தோளில் வைத்த துணிப்பொதி வாத்தியத்தைத் தள்ளும். கை சேரும் இடத்தை அக்குளை ஒட்டி உயரத்தில் வெட்டித் தைத்தால், கை மட்டும் அசையும், கோட்டின் உடல் பகுதி அசையாமல் இருக்கும். பார்ப்பதற்கு இறுக்கமாகத் தெரியும் அந்த வெட்டுத்தான் உண்மையில் கூடுதல் அசைவுக்கு இடம் கொடுக்கிறது. இத்துடன் அக்குளில் ஒரு சிறு துண்டுத் துணி சேர்த்துத் தைப்பதும், முதுகில் தோள்பட்டைகளுக்கு அருகே மடிப்பு வைப்பதும், இழுபடும் துணியைப் பயன்படுத்துவதும் உண்டு. தோள் பொதியை, குறிப்பாக இடப்பக்கத்தில், எடுத்துவிடச் சொல்லுங்கள் அல்லது மெல்லியதாக்கச் சொல்லுங்கள்.

தையற்காரரிடம் போகும்போது வாத்தியத்தையும் வில்லையும் எடுத்துச் செல்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு நின்றபடி அளவு கொடுத்தால், தொங்கவிட்ட கைகளுக்குப் பொருத்தமான கோட்தான் கிடைக்கும். போட்டுப் பார்க்கும்போது வில்லின் அடிமுனையிலிருந்து நுனிவரை எல்லாக் கம்பிகளிலும் இழுத்துப் பாருங்கள். இடக்கையைப் பலகையின் மேல்புறம்வரை கொண்டுபோங்கள். அங்கே பிடித்தால் அங்கேயே சொல்லிவிடலாம்.

மேலை இசைக்குழுக்கள் இன்றும் அணியும் வால்கோட்டும் வெள்ளை டையும், 19-ஆம் நூற்றாண்டில் மேல்தட்டு ஆண்கள் மாலை விருந்துக்கு உடுத்திய உடையிலிருந்து வந்தவை. விருந்தாளிகள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆன பின்பும் இசைக்கலைஞர்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் மாற்றங்களைச் செய்து பார்க்காமல் இல்லை: வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, விவியன் வெஸ்ட்வுட், ஆண்ட்ரியாஸ் குரோந்தாலர் ஆகியோர் வடிவமைத்த புதிய உடையை 2017-ஆம் ஆண்டின் புத்தாண்டு இசைநிகழ்ச்சியில் அணிந்தது. உங்களுக்கு மரபுக் கட்டாயம் எதுவும் இல்லையென்றால், கோட்டையே விட்டுவிட்டு, நல்ல வெட்டில் தைத்த கறுப்புச் சட்டையுடன் வாசியுங்கள் என்பதே என் பரிந்துரை.

பாடுவதற்கு ஏற்ற உடையின் இறுக்கம் எவ்வளவு இருக்கலாம்? ஒத்திகையில் சுலபமாக எட்டிய சுரங்கள் மேடையில் எட்டவில்லை. உடைதான் காரணமோ என்று ஐயமாக இருக்கிறது.
*— மெல்லிசைப் பாடகி*

பதற்றமும் காரணமாக இருக்கலாம்; ஆனால் உங்கள் ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆழ மூச்செடுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது, வயிற்றின் முன்புறம் வெளியே வருகிறது, கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டிலும் முதுகுப்புறமும் விரிகின்றன. இடுப்பிலும் விலாவிலும் பட்டி இறுகியிருந்தால் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடும், தோள் உயரும், கழுத்துத் தசைகள் இறுகும். நீளமான வரியின் கடைசிச் சொல்லிலும் உச்ச சுரத்திலும் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும்.

அளவு கொடுக்கும்போது மூச்சை நிறைய இழுத்து, விலாக்களை விரித்து நிறுத்திக்கொண்டு அளவு நாடாவைச் சுற்றச் சொல்லுங்கள். நம்மில் பலர் அந்த நேரத்தில்தான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். மிக இறுக்கமாகத் தெரிய வேண்டிய உடையாக இருந்தால், பக்கவாட்டில் அகலமான எலாஸ்டிக் துணியை வைத்து, மேலே தெரியாதபடி தைக்கலாம். கழுத்தை ஒட்டிய காலரையும் கனமான கழுத்தணியையும் தவிர்க்கலாம். குரல்வளை மேலும் கீழும் அசையும் உறுப்பு, அதன்மேல் எதுவும் அழுத்தக் கூடாது.

காலணியையும் சந்தேகியுங்கள். குதிகால் உயர்ந்தால் உடலின் எடை முன்பாதத்துக்குப் போகிறது, அதை ஈடுகட்ட இடுப்பும் முதுகும் தங்கள் நிலையை மாற்றிக்கொள்கின்றன. மூச்சைத் தாங்கும் தசைகள் நிற்பதற்கான வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பழகியவர்கள் அதிலும் அருமையாகப் பாடுகிறார்கள். தட்டையான செருப்பில் ஒத்திகை பார்த்துவிட்டு, உயர்ந்த குதிகாலை மேடையில்தான் முதன்முதலாகப் போடுவது என்பது வேண்டாம்.

எங்கள் குழுவில் எல்லோரும் கறுப்பு அணிகிறோம். நிழற்படங்களில் முகங்கள் மட்டும் மிதப்பதுபோல் இருக்கின்றன. எந்த நிறம் மேடைக்கு ஏற்றது?
*— கல்லூரி இசைக்குழு*

பின்திரை கறுப்பாக இருக்க, நீங்களும் கறுப்பை உடுத்தினால் அப்படித்தான் தெரியும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரு விளக்கு உங்கள் தோளிலும் தலைமுடியிலும் படும்படி அமைத்தால், உடலின் விளிம்பு திரையிலிருந்து பிரிந்து தெரியும். விளக்கு வசதி இல்லையென்றால், கறுப்பிலேயே வெவ்வேறு துணிகளைக் கலந்து உடுத்துங்கள்: தோலும் பட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும், வெல்வெட் விழுங்கிவிடும். மேடைக்கு வெளியிலும் கறுப்பையே உடுத்திப் பெயர் பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் போன்றவர்களுக்கு அந்த நிறம் ஓர் அறிவிப்பு. மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் வசதி. ஒருவரையொருவர் மிஞ்சாமல் இருக்கலாம், வியர்வையும் தெரியாது.

எந்த நிறம் ஏற்றது என்பதைத் துணிக்கடையின் வெளிச்சத்தில் முடிவு செய்ய முடியாது. நீல விளக்கின் கீழே சிவப்புச் சட்டை கறுத்துப்போகும், ஏனென்றால் அது திருப்பி அனுப்ப வேண்டிய சிவப்பு ஒளி அந்த விளக்கில் இல்லை. சிவப்பு விளக்கின் கீழே பச்சையும் நீலமும் அதே கதிக்கு உள்ளாகும். ஒளியமைப்பாளரிடம் எந்தப் பாட்டுக்கு எந்த நிறம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் இந்த ஏமாற்றம் இராது. வெள்ளை எல்லா விளக்குகளின் நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஒளியமைப்பாளர்களில் பலர் அதை விரும்புவார்கள், ஒளிப்பதிவாளர்களோ தயங்குவார்கள். வெள்ளைச் சட்டைக்கு ஏற்றபடி கேமரா வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும், மாநிறமும் கருநிறமும் உடையவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும். சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ இருவரையும் சமாதானப்படுத்தும். நெருக்கமான மெல்லிய கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் நெளிந்து மின்னும் அலைகளாகத் தோன்றக்கூடும். பதிவு செய்யப்படும் நிகழ்ச்சி என்றால் அவற்றை விட்டுவிடுங்கள்.

வியர்வையைப் பொறுத்தவரை நடுத்தரச் சாம்பலும் வெளிர் நீலமும்தான் அப்பட்டமாகக் காட்டிக்கொடுப்பவை. கறுப்பும் வெள்ளையும் பெரிய பூவேலைப்பாடும் மறைக்கும். உள்ளே ஓர் உறிஞ்சும் பனியன் போட்டுக்கொண்டால் வெளிச்சட்டை நெடுநேரம் தாங்கும்.

சட்டையில் குத்தும் சிறு மைக்கில் கரகரவென்று சத்தம் வருகிறது. ஒலிப்பதிவாளர் என் உடையைக் குறை சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
*— கதைப்பாடல் நிகழ்த்துபவர்*

பெரும்பாலும் சரிதான். மொடமொடப்பான பட்டும், கஞ்சி போட்ட பருத்தியும், செயற்கை இழைத் துணியும் ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஓசையை அந்த மைக் உங்கள் குரலுக்கு அருகிலேயே கேட்கிறது. மைக்கின் இருபுறமும் துணி அசையாதபடி ஒட்டுநாடாவால் நிறுத்த வேண்டும். கம்பியைச் சிறு வளையமாகச் சுற்றி உட்புறம் ஒட்டினால் இழுவிசை மைக்குக்கு வராது. சங்கிலியும் நீண்ட காதணியும் மைக்கைத் தொடக் கூடாது. வளையல் குலுங்கும் ஓசையை நீங்கள் கேட்டுப் பழகியிருப்பீர்கள். ஒலிபெருக்கியில் அது தாளத்தோடு சேராத இன்னொரு தாளமாகக் கேட்கும்.

பலர் மறந்துவிடுவது, இடுப்பில் மாட்டும் அனுப்புக் கருவியை. காதுக்குள் வைத்துக் கேட்கும் சிறு ஒலிப்பானும் இருந்தால் அதற்கு இன்னொரு பெட்டி. இடுப்புப் பட்டி இல்லாத ஒற்றைக் கவுனில் இவற்றை எங்கே மாட்டுவது? முதுகிலோ தொடையிலோ எலாஸ்டிக் பட்டி கட்டி அதில் வைப்பது வழக்கம். உடை தைக்கும்போதே உள்ளே ஒரு பையும், கம்பி செல்ல ஒரு சிறு துளையும் வைத்துவிட்டால், நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒலிப்பதிவாளரும் நீங்களும் சங்கடப்பட வேண்டியதில்லை. வியர்வை இறங்காமல் இருக்கக் கருவியை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடச் சொல்லுங்கள்.

கிட்டாரின் பின்புறம் முழுவதும் கீறல். எதனால்?
*— கிட்டார் பழகுபவர்*

பெல்ட்டின் கொக்கியால். அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுங்கள் அல்லது பெல்ட்டே போடாதீர்கள். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் சட்டையின் ஜிப்பும் அதே வேலையைச் செய்யும், சட்டையை வெளியே விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பழைய கிட்டார்களை வாங்குபவர்கள் இந்தக் கீறல்களைப் பார்த்தே அது எவ்வளவு வாசிக்கப்பட்டது என்று ஊகிப்பார்கள் என்பது உங்களுக்குச் சிறு ஆறுதல்.

குழுவாக வாசிப்பவர்கள் ஒரே மாதிரி உடுத்த வேண்டுமா? எங்களுக்குள் இதில் சண்டையே வந்துவிட்டது.
*— ஐவர் குழு*

சண்டை உங்களுக்கு மட்டும் வந்ததன்று. பீட்டில்ஸ் குழுவினர் ஹாம்பர்க் நகரின் இரவு விடுதிகளில் வாசித்த காலத்தில் கறுப்புத் தோல் உடைகளில்தான் மேடையேறினார்கள். பிரையன் எப்ஸ்டீன் மேலாளராக வந்தபின், 1962-இல் அவர்களைச் சூட்டுக்கு மாற்றினார். ஜான் லெனனுக்கு அந்த மாற்றம் பின்னாளிலும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் வானொலி, தொலைக்காட்சியின் கதவுகள் திறந்ததில் அந்தச் சூட்டுகளுக்குப் பங்கு உண்டு. 1963-இல் டக்ளஸ் மில்லிங்ஸ் என்ற லண்டன் தையற்காரர் தைத்துக்கொடுத்த காலர் இல்லாத கோட், உடை வடிவமைப்பாளர் பியர் கார்தேனின் பாணியைத் தழுவியது; நால்வரையும் ஒரே பார்வையில் ஒரு குழுவாக அடையாளம் காட்டியது அது.

ஒரே மாதிரி உடுத்துவது ஒரு கருத்தாகவே ஆகிவிடுவதும் உண்டு. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1978-இல் சிவப்புச் சட்டையும் கறுப்பு டையுமாக, தனிமனிதர்களே இல்லை என்பதுபோல் வரிசையாக நின்றார்கள். இயந்திரங்களின் இசையைத் தருகிறோம் என்று சொன்னவர்களுக்கு அது பொருந்தியது. இதற்கு நேர் எதிராக, ஏசி/டிசி குழுவில் மற்றவர்கள் ஜீன்ஸும் பனியனுமாக நிற்க, கிட்டார் வாசிக்கும் ஆங்கஸ் யங் மட்டும் பள்ளிச் சீருடையில் ஓடித் திரிகிறார். அவருடைய அக்காள் மார்கரெட் சொன்ன யோசனை அது; 1974-இலிருந்து அரைக்கால் சட்டையை அவர் விடவில்லை. ஒருவரை மட்டும் வேறுபடுத்திக் காட்டினால் மக்களின் கண் எங்கே போக வேண்டும் என்று குழுவே முடிவு செய்துவிடுகிறது.

வேடம் அடையாளமாக ஒட்டிக்கொள்ளும் அபாயத்தையும் எண்ணிப் பாருங்கள். முகம் முழுவதும் வண்ணம் பூசி வந்த கிஸ் குழுவினர் 1983-இல் அதைக் கலைத்துவிட்டு வெறும் முகத்துடன் வந்தார்கள். 1996-இல் பழைய உறுப்பினர்கள் மீண்டும் சேர்ந்தபோது பூச்சும் திரும்பிவந்துவிட்டது.

உங்கள் ஐவருக்கும் நான் சொல்லக்கூடியது: உடை ஒன்றாக இருக்க வேண்டாம், நிறத்தில் உறவு இருக்கட்டும். இரண்டு நிறங்களை முடிவு செய்து, அவற்றுக்குள் அவரவர் உடலுக்கும் வாத்தியத்துக்கும் ஏற்றதை உடுத்திக்கொள்ளுங்கள். டிரம் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் ஒரே துணியில் தைப்பது நியாயமும் அல்ல. டிரம் வாசிப்பவருக்குத் தோளும் முழங்காலும் தடையின்றி அசைய வேண்டும், காற்றோட்டம் வேண்டும், மணிக்கட்டில் எதுவும் தொங்கக் கூடாது.

பெரிய கலைஞர்கள் அணியும் ஆடம்பரமான உடைகளில் எப்படி ஆடிப் பாட முடிகிறது? அவை வெறும் பகட்டுத்தானா?
*— இசைநிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்க்கும் வாசகர்*

பகட்டு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மேடை உடைகளில் பகட்டுக்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கும். 1983-இல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாகப் பின்னோக்கி வழுக்கும் அந்த நடையைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, அவருடைய கறுப்புக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அதற்குக் கீழே மின்னும் வெண்ணிறக் காலுறை. இருண்ட மேடையில் பார்வையாளரின் கண் வேறெங்கும் போக வழியில்லை, பாதத்துக்குத்தான் போகும். கல் பதித்த ஒற்றைக் கையுறையும் அதேபோல், இரண்டு கைகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியது. பின்னர், விழுந்துவிடுவாரோ என்று அஞ்சும் அளவுக்கு முன்னால் சாயும் அசைவை மேடையில் செய்வதற்காக, குதிகாலில் பள்ளம் வைத்த காலணி ஒன்றை அவரும் இன்னும் இருவரும் உருவாக்கி, 1993-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். மேடைத் தரையிலிருந்து ஒரு முளை எழும்பும். காலணியை முன்னால் நகர்த்தி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் உடலைச் சாய்க்கலாம். பிடிப்பு காலணியில் கிடைத்தாலும், சாய்ந்த உடலை நேராக்கிக்கொள்ளத் தேவையான தசைவலிமையைக் கலைஞர்தான் தர வேண்டும்.

எல்விஸ் பிரெஸ்லி 1970-களில் அணிந்த, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த ஒற்றை உடைகளை வடிவமைத்தவர் பில் பெலூ. கராத்தே பாணியில் காலை உதைத்துத் திரும்பும் ஒருவருக்கு, சட்டை கால்சட்டையிலிருந்து வெளியே வராமல் இருக்க ஒற்றை உடையைவிட நல்ல வழி இல்லை. அதே பெலூவுக்கும் எடை ஒரு தொல்லையாக வந்தது. 1973-இல் ஹவாயிலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சிக்குக் கழுகுச் சின்னத்துடன், நகைக்கற்கள் பதித்துத் தயாரித்த நீண்ட மேலங்கி, அணிந்து பார்த்தபோது கனம் தாங்காததால், குட்டையான வேறொன்றுக்கு இடம் கொடுத்தது. அதே 1973-இல் டேவிட் போவிக்கு ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்சாய் யமாமோட்டோ உருவாக்கிய உடைகளில், கபுகி நாடக மரபிலிருந்து எடுத்த ஒரு நுட்பம் இருந்தது: இருபுறமும் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் மேலாடை முழுவதும் கழன்று, உள்ளே இருக்கும் உடை வெளிப்படும். இன்றைய மேடைகளில் நொடிகளில் உடை மாற்றுபவர்கள் பொத்தான் போலத் தெரியும் இடத்தில் வெல்க்ரோவும் பிரஸ் பட்டனும் வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து வருகிறார்கள். இருட்டில் உதவியாளர் தடவிக் கண்டுபிடிக்கும்படி ஜிப்பின் முனையில் துணித்துண்டு கட்டிவைக்கிறார்கள்.

ஆடம்பரம் இல்லாமலும் அதே கணக்கு வேலை செய்யும். 1985 ஜூலையில், லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி வெள்ளைப் பனியனும் வெளிர் ஜீன்ஸுமாக வந்தார். குயீன் குழு வாசித்தது பகல் வெளிச்சத்தில். வண்ண விளக்குகளால் பயன் இல்லாத நேரம். அவ்வளவு பெரிய அரங்கின் கடைசி வரிசையிலிருந்தும் அந்த வெள்ளை உருவத்தின் ஒவ்வோர் அசைவும் தெரிந்தது. அடுத்த ஆண்டு, அவர் டயானா மோஸ்லி வடிவமைத்த மஞ்சள் கோட்டுக்கு மாறினார். எனக்கு அந்தப் பனியன்தான் மேலானதாகத் தோன்றுகிறது.

வெறுங்காலுடன் மேடை ஏறலாமா?
*— தாளவாத்தியக் கலைஞர்*

தாராளமாக. கேப் வெர்டே நாட்டுப் பாடகி செசாரியா எவோரா வெறுங்கால் பாடகி என்றே உலகமெங்கும் அறியப்பட்டார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளெனி, செவித்திறனை இளம் வயதிலேயே பெரும்பாலும் இழந்தவர். மேடைத் தரையின் வழியே வரும் அதிர்வுகளை உணர்வதற்காகவே காலணி இல்லாமல் வாசிக்கிறார். இருக்கையில் அமர்ந்து மிதிகட்டையை இயக்குபவர்களில் சிலரும் அதையே விரும்புவார்கள். ஆனால் பெரிய ஆர்கன் வாசிப்பவர்கள் இதற்கு நேர்மாறு. காலால் வாசிக்கும் கட்டைகள் அதில் 30-க்கும் மேல் இருக்கக்கூடும் என்பதால், மெல்லிய தோல் அடியும் குறுகிய முனையும் சற்றே உயர்ந்த குதிகாலும் உடைய தனிக் காலணியை வைத்திருக்கிறார்கள். முன்பாதத்தால் ஒரு கட்டையையும் குதிகாலால் இன்னொன்றையும் அழுத்த அந்தக் குதிகால் தேவை. அந்தக் காலணியுடன் தெருவில் நடக்க மாட்டார்கள், மணல் ஒட்டினால் கட்டைகள் கீறப்படும்.

நீங்கள் வெறுங்காலுடன் போவதாக இருந்தால், மேடையை முன்பே ஒருமுறை நடந்து பாருங்கள். ஆணி, உடைந்த சில்லு, ஒட்டுநாடா பிரிந்த கம்பி எல்லாம் அங்கேதான் கிடக்கும். திறந்தவெளியில், ஈரத் தரையில், மின்வாத்தியங்களுக்கு நடுவே என்றால் ரப்பர் அடியுள்ள காலணியை அணிந்துகொள்ளுங்கள்.

பெண் கலைஞர்களின் வாசிப்பைவிட உடையைப் பற்றித்தான் விமர்சனம் எழுதுகிறார்கள். இதற்கு நாங்கள் அடங்கிப் போக வேண்டுமா?
*— பியானோ, செல்லோ வாசிக்கும் சகோதரிகள்*

வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு ஹாலிவுட் பவுல் அரங்கில் பியானோ கலைஞர் யூஜா வாங் குட்டையான ஆரஞ்சு நிற உடையில் ரஹ்மானினாஃபின் மூன்றாவது கான்செர்ட்டோவை வாசித்தார். வாசிப்பதற்கு மிகக் கடினமான படைப்புகளில் ஒன்று அது. ஆனால் ஊடகங்களில் நடந்த விவாதமெல்லாம் உடையின் நீளத்தைப் பற்றியே. அவர் அதன்பிறகும் தமக்குப் பிடித்ததையே உடுத்தி வாசித்துவருகிறார், அரங்குகள் நிரம்புகின்றன.

இதில் விமர்சகர்களைவிட விதிகள் பொல்லாதவை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், 2018-இல்கூட முறையான மாலை நிகழ்ச்சிகளில் பெண்கள் கால்சட்டை அணிவதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் மற்றவை எல்லாம் அதற்கு முன்பே அனுமதித்திருந்தன. செல்லோ வாசிப்பவருக்கு இது எவ்வளவு தொல்லை என்பதை உங்களில் ஒருவர் அறிவீர்கள். வாத்தியத்தை இரு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்த வேண்டியவருக்குக் குறுகலான நீள்பாவாடை ஆகவே ஆகாது. செல்லோவுக்கு அகன்ற கால்சட்டை அல்லது மிகுந்த சுற்றளவு கொண்ட பாவாடை. துணி வழுக்காததாக இருக்கட்டும், சாட்டின் என்றால் வாத்தியம் முழங்காலில் நிற்காமல் நழுவும். பியானோவுக்கு முக்கியம் முழங்கையும் வலது பாதமும்: கை நீண்டு தொங்கினால் கட்டைகளில் மாட்டும், தரையில் புரளும் விளிம்பு மிதிகட்டைக்கும் காலணிக்கும் நடுவே சிக்கும். உட்கார்ந்தபின் உடை எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதை, பார்வையாளர் அமரும் இடத்திலிருந்து ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையின் பார்வை கீழிருந்து வரும். இவை சரியாக இருந்தால், குட்டையோ நீளமோ அது உங்கள் விருப்பம். குறை சொல்பவருக்கு வாசிப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மேடை ஏறப்போகும் நேரத்தில் பொத்தான் அறுந்துவிட்டால், தையல் விட்டுவிட்டால் என்ன செய்வது?
*— அவசரத்தில் இருப்பவர்*

ஊக்கு, கறுப்பு நூல் கோத்த ஊசி, இருபுறமும் ஒட்டும் நாடா, துணியில் ஒட்டும் அகலமான கறுப்பு ஒட்டுநாடா ஆகியவற்றை வாத்தியப் பெட்டியிலேயே எப்போதும் வைத்திருங்கள். கூடவே ஒரு மாற்றுச் சட்டையும் இருக்கட்டும். கால்சட்டை விளிம்பு பிரிந்தால் நாடாவை உட்புறமாக ஒட்டுங்கள், இரண்டு மணிநேரம் தாங்கும். பொத்தான் போன இடத்தில் ஊக்கைப் படுக்கைவாட்டில், உட்புறத்திலிருந்து குத்துங்கள், வெளியே புள்ளி அளவே தெரியும். குத்தியபின் ஒருமுறை மூச்சை நிறைய இழுத்து, வாத்தியத்தை எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். முதுகுப்புறத்து ஜிப் பிரிந்துவிட்டால் ஊக்கை நம்ப வேண்டாம். மேலே கோட்டோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு நுழைந்து, இடைவேளையில் தைத்துக்கொள்ளுங்கள்.